நிலத்தின் நாடி



தமிழாசிரியன் ஒருவன் நிலத்தைத் துளையிடும் கதையைச் சொல்ல வந்திருப்பது உங்களிற் சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். இந்துக் கல்லூரியொன்றிலே இருபது ஆண்டுகளாக இலக்கியமும் இலக்கணமும் கற்பித்து வருபவன் நான். கல்விக்கு மணற்கேணியை வள்ளுவர் உவமையாக்கிய குறளை ஆண்டுதோறும் வகுப்பிலே விளக்குவேன். விளக்கியதும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். மணலைத் தோண்டினால் உண்மையில் என்ன நிகழ்கிறது என்பதை நின்று நிதானித்துப் பார்த்தது சில ஆண்டுகளுக்கு முன்னர்தான்.

வடமராட்சிக் கரையோரத்தில் என் மனைவியின் ஊர். ஒரு விடுமுறை நாளில் மாமியின் வளவுக்கு அயலிலே, பனங்கூடலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றரையில், நாலைந்து இளைஞர்கள் நின்றார்கள். தரைக்கீழ் நீரை ஆராய வந்த குழுவினர் அவர்கள். பெரிய இயந்திரம் எதுவும் அவர்களிடம் இல்லை. கையாற் சுழற்றும் துளைகருவி ஒன்றே இருந்தது. 'ஓகர்' என்றார்கள். தச்சரின் துறப்பணத்தை ஆளுயரத்துக்கு வளர்த்து, குறுக்கே ஒரு பிடியை மாட்டினால் எப்படியிருக்கும்? அப்படியிருந்தது அது. நுனியில் நாலங்குல அகலமான இரும்புக் குவளை. இருவர் பிடியைச் சுற்ற, குவளை மண்ணைக் கௌவிக்கொண்டு இறங்கும். ஒரு சாண் இறங்கியதும் மேலே இழுத்து, கௌவிய மண்ணைப் பொலித்தீன் விரிப்பிலே ஒழுங்காக வைப்பார்கள். நிறத்தைப் பார்ப்பார்கள். விரலாற் கசக்கிப் பார்ப்பார்கள். பின்னர் ஒரு பையிலிட்டு, எவ்வளவு ஆழத்தில் எடுத்தது, எந்தத் திகதியில் எடுத்தது என்று எழுதி ஒட்டுவார்கள். கருவி ஆழத்துக்குப் போகப் போக, கம்போடு கம்பு பொருத்தி அதனை நீட்டினார்கள்.

என்னோடு வந்திருந்த ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. கிட்டப் போய்க் கேட்டார்:

"தம்பி, உந்தக் கம்பியால என்னத்தைப் பாக்கப் போறியள்?"

குழுத் தலைவனாக வந்த இளைஞன் நிமிர்ந்து சிரித்தான். "பரியாரியார் நாடி பாக்கிற மாதிரி எண்டு வையுங்கோ, ஐயா. உடம்பை வெட்டாமல் உள்ளுக்கு என்ன நடக்குது எண்டு அறியத்தானே நாடி பாக்கிறது?"

அந்த விடையே இன்றைய பேச்சின் தலைப்பாயிற்று.

நிலத்தைத் துளைத்து நீரை அறியும் வழக்கம் நமக்குப் புதியதன்று. நீர் ஊறும் பள்ளத்தைப் பழந்தமிழர் 'கூவல்' என்றனர். கல்லை அறுத்து அமைத்த, உவர்நீர் ஊறும் கூவலையுடைய சிற்றூர் ஒன்றைப் புறநானூற்றின் 331ஆவது பாடல் காட்டுகிறது. ஐங்குறுநூற்றுத் தலைவி ஒருத்தியோ, தன் காதலன் நாட்டிலே இலை மூடிய கூவலின் அடியிற் கிடந்த கலங்கல் நீர் தேன் கலந்த பாலினும் இனிதாயிருந்தது என்று தோழியிடம் சொல்கிறாள். காதலின் மேன்மையைச் சொல்லும் பாடல் என்றே இதை நாம் கற்பிக்கிறோம். நீருக்குத் தவித்த ஒரு நிலத்தின் குறிப்பும் அதிலே இருக்கிறது என்பதை நான் பிந்தித்தான் உணர்ந்தேன்.

தீவுப் பகுதியிலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் வழங்கும் 'பூவல்' என்னும் சொல்லை நேயர்கள் அறிவீர்கள். மணற்பாங்கான இடத்தில் முழங்காலளவோ இடுப்பளவோ தோண்டி, ஊறிவரும் நீரைச் சிரட்டையால் அள்ளுவது பூவல். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது நான் பள்ளிச் சிறுவன். தென்மராட்சியில் நாங்கள் ஒதுங்கிய வளவின் கிணற்றில் மாரி வெள்ளம் இறங்கிவிட்டது. நீர் தேநீரின் நிறத்திலிருந்தது. ஐயா அயலிலே ஒரு மணற்பிட்டியைத் தேடிப் பூவல் தோண்டினார். முதலில் வந்த நீரை அள்ளி ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். இரண்டாவது முறையும் ஊற்றினார். மூன்றாவது முறை ஊறியது கண்ணாடி போல் இருந்தது. ஊறிய முதல் நீரை நம்பக்கூடாது என்ற அந்தப் பாடத்தை, பல ஆண்டுகளின் பின் வடமராட்சி மணலில் அந்த இளைஞர்களும் செய்து காட்டினார்கள். துளையிடும்போது கலங்கிய நீரை இறைத்துக் கழித்து, தெளிந்த பின்னரே அவர்கள் போத்தலை நிரப்பினார்கள்.

உலகின் பிற பாகங்களில் இக்கலை எவ்வாறு வளர்ந்தது? சீனாவின் சிச்சுவான் மாகாணத்தார் உப்புநீரைத் தேடி மூங்கிற் குழாய்களின் துணையோடு நிலத்தைத் துளைத்தார்கள். அங்கே சிகோங் நகரிலுள்ள சென்ஹாய் கிணறு 1835இல் 1001 மீற்றர் ஆழத்தைத் தொட்டது. பிரான்சின் ஆர்ட்டுவாப் பகுதியில், துளையிட்ட மாத்திரத்தில் நீர் தானாகவே பொங்கியெழும் கிணறுகள் இருந்தன. 'ஆர்ட்டீசியன் கிணறு' என்ற பெயர் அம்மாகாணத்தின் பெயரிலிருந்து பிறந்ததேயாகும். சீனருக்கு உப்பு வேண்டியிருந்தது. ஆகவே ஆழம் சென்றார்கள். நமக்கு உப்பு வேண்டாம். குடாநாட்டிலே ஆழம் செல்வது ஆபத்து. ஏன் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

1828ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்விக்கூடத்தில் பிரெஞ்சு மொழி கற்பித்து வந்தவர் ஜோசப் து கொம்யூன். நியூ ஜேர்சி மாநிலத்தில் துளையிட்ட ஒரு கிணற்றின் நீர்மட்டம் கடல் வற்றுப்பெருக்கோடு ஏறி இறங்குவது அவருடைய சிந்தனையைத் தூண்டியது. உப்புநீர் கனமானது, நன்னீர் இலேசானது. வளைந்த குழாயொன்றின் ஒரு புயத்தில் உப்புநீரும் மறு புயத்தில் நன்னீரும் இருந்தால், நன்னீரின் மட்டம் சற்று உயர்ந்து நிற்கும். நிலத்தடியிலும் இதுவே நிகழ்கிறது என்று அவர் எழுதினார். மொழி ஆசிரியர் ஒருவர் இதனைக் கண்டு சொன்னார் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை. ஆயினும் அவர் எழுதியதை உலகம் மறந்துவிட்டது.

அறுபது ஆண்டுகள் கழிந்தன. ஒல்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரம் 1853 முதல் கடலோர மணற்குன்றுகளின் கீழ் ஊறிய நன்னீரைக் குழாய்வழியே பெற்றுக் குடித்து வந்தது. அந்நகருக்கு அண்மையில் கிணறொன்றைத் துளையிடும் உத்தேசம் எழுந்தபோது, படைத்துறைப் பொறியியலாளரான படோன் கெய்பன் என்பவர் 1888இல் அது குறித்து ஒரு குறிப்பு எழுதினார். 1901இல் ஹேர்ஸ்பேர்க் என்ற ஜேர்மன் பொறியியலாளர், வடகடலின் நோர்டனை தீவில் இட்ட துளைகளைக் கொண்டு, முன்னவரை அறியாமலே அதே முடிவை வெளியிட்டார். இன்று அவ்விதி இருவர் பெயராலும் வழங்குகிறது.

விதி மிக எளியது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது. ஆகவே கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே நாற்பது அடி நன்னீர் இருக்கும். கேட்பதற்கு இனிமையான கணக்கு. திருப்பிப் பாருங்கள். நீர்மட்டம் நெடுங்காலத்துக்கு ஓரடி தாழ்ந்து நின்றால், கீழேயுள்ள உப்புநீர் நாற்பது அடி மேலே வரும். மேலே ஓரடிதானே குறைந்தது என்று நாம் ஆறுதல் அடைந்திருக்கும்போது, கீழே நாம் காணாத இடத்தில் நாற்பது அடி போய்விடுகிறது. நீருக்குள் ஊடுருவியிருக்கும் ஒடுங்கிய துளை ஒன்றினால் மாத்திரமே அதைக் காண முடியும்.

ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டனர். நெடுந்தீவுக்குத் தங்கள் நகரொன்றின் பெயரைச் சூட்டி 'டெல்வ்ற்' என்றனர். அவர்களுடைய மணற்குன்றுகளும் நமது குடாநாடும் நீரைப் பொறுத்தவரையில் உறவினர்கள். மேலே மழைநீர், கீழே கடல்நீர், இடையிலே மெல்லிய ஒரு சமநிலை. அம்ஸ்ரடாம்காரர் மணற்குன்றுகளிலிருந்து அளவுக்கு மீறி நீரை எடுத்தார்கள், உப்பு மேலெழுந்தது. 1957 முதல் றைன் நதியின் நீரைக் கொண்டுவந்து அக்குன்றுகளுக்குள் இறக்கி வருகிறார்கள். நமக்கு றைன் நதி இல்லை. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கினால்தான் நமக்கு நீர் உண்டு.

இதற்குச் சான்று வேண்டுமானால் நிலாவரைக்குப் போங்கள். இராமபிரான் வானர சேனையின் தாகம் தீர்க்க அம்பெய்த இடம் என்பது ஐதிகம். அடியே இல்லாத கிணறு என்று நம் பாட்டன்மார் சொன்னார்கள். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற், 1859இல் வெளியிட்ட தமது நூலிலே புத்தூர்க் கிணற்றின் அதிசயத்தை எழுதியிருக்கிறார். மேலே நன்னீர், கீழே போகப் போக உவர். கெய்பனும் ஹேர்ஸ்பேர்க்கும் துளையிட்டுக் கண்ட உண்மையை, இயற்கையே பெரிய துளையொன்றை இட்டு நமக்குத் திறந்து வைத்திருந்தது. நாம் அதனை அதிசயமாகப் பார்த்தோமே தவிர, பாடமாகப் படிக்கவில்லை.

துலா மிதித்து நீர் இறைத்த காலத்தில் இந்தச் சமநிலை கெடவில்லை. ஆளின் களைப்பே இறைப்புக்கு எல்லையாயிருந்தது. துலாவின் இடத்துக்கு நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. மிளகாயும் வெங்காயமும் புகையிலையும் செழித்தன. எங்கள் குடும்பமும் அந்தச் செழிப்பிலேதான் நிமிர்ந்தது. நான் படித்ததும் வெங்காயக் காசிலேதான். அதை மறந்து பேசுவது நன்றிகெட்ட செயல். ஆனால் செம்மண்ணில் இட்ட உரம் முழுவதையும் பயிர் உண்பதில்லை. மிஞ்சியது நைத்திரேற்றாக மாறி, நீரோடு கரைந்து, சுண்ணாம்புக்கல் வெடிப்புகளின் வழியே கீழே இறங்கியது. மலசலகூடக் குழிகளிலிருந்தும் அது இறங்கியது. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1983இலேயே நம்மவர் ஆராய்ந்து வெளியிட்டனர்.

எனக்கு அது செய்தியாக வந்தது என் மூத்த பிள்ளை பிறந்தபோது. வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர், கிணற்று நீரிலே பால்மா கரைக்குமுன் நீரைப் பரிசோதிக்கச் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. எங்கள் கிணறு அதனைத் தாண்டியிருந்தது. மிகுந்த நைத்திரேற்று கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும். குழந்தை நீலம் பாயும். நீரைக் கொதிக்க வைத்தால் போகாது. நீர் ஆவியாக, செறிவு கூடவே செய்யும்.

பரிசோதனைத் தாளை நான் வாசித்துக் காட்டியபோது ஐயா ஒன்றும் பேசவில்லை. தன் தகப்பன் வெட்டிய கிணறு. ஊரிலே கலியாண வீடென்றால் எங்கள் கிணற்று நீரைத்தான் தேநீருக்கு எடுப்பார்கள். மாலையில் அவர் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிச் சென்று, உட்புறக் கல்லிலே சில கீறல்களைக் காட்டினார். ஒவ்வொரு மாரியிலும் நீர் எவ்வளவு உயர்ந்தது என்று பாட்டனும் அவரும் கத்தியாற் கீறி வைத்த அடையாளங்கள். பதினைந்துக்கு மேல் எண்ணினேன்.

வடமராட்சியில் அந்த இளைஞனைச் சந்தித்தபோது ஐயா அக்கீறல்களைப் பற்றிப் பெருமையோடு சொன்னார். அவன் ஆவலோடு கேட்டான்:

"எந்தக் கீறல் எந்த வருசம், ஐயா?"

ஐயாவால் ஒன்றுக்கு மட்டுமே விடை சொல்ல முடிந்தது. 1978 நவம்பர்ச் சூறாவளி ஆண்டு. மற்றவை அவருக்கு நினைவில்லை. "எழுதி வைச்சிருக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நேயர்களே, இந்தச் சிறிய சம்பவத்தை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2010ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தியை நீங்கள் அறிவீர்கள். வாளியில் அள்ளிய நீரிலே வானவில்லின் நிறங்கள் தெரிந்தன. மக்கள் பவுசர் நீருக்குக் கலன்களோடு வரிசையில் நின்றார்கள். ஓர் ஆய்வு எண்ணெய் உண்டென்றது. மற்றோர் ஆய்வு பயப்படத்தக்கது இல்லையென்றது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 ஏப்ரலில், மின்னுற்பத்தி நிறுவனம் ஒன்று பாதிக்கப்பட்டோருக்கு 20 மில்லியன் ரூபா வழங்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அத்தனை ஆண்டு வாதப் பிரதிவாதத்துக்கு இடையில் என் மனத்தை உறுத்திய கேள்வி ஒன்றுதான். முன்பு அந்த நீர் எப்படியிருந்தது என்பதற்கு, நாளும் அளவும் குறித்த பதிவேடு ஒவ்வோர் ஊரிலும் இருந்திருந்தால், ஏழைக் குடியானவன் தன் கிணற்றுக்காக இவ்வளவு வாதாட வேண்டியிருந்திருக்குமா?

கிணறுதான் இருக்கிறதே, துளை எதற்கு என்று நானும் அந்த இளைஞனிடம் கேட்டேன். அவன் பொறுமையாக விளக்கினான். அகன்ற கிணற்றிலே பல ஆழங்களின் நீர் ஒன்றாகக் கலந்துவிடும். இறைக்கும்தோறும் மட்டம் மாறும். மேலிருந்து விழும் குப்பையும் சேரும். ஒடுங்கிய துளையிலோ எந்த ஆழத்து நீர் வேண்டுமோ அந்த ஆழத்தில் மட்டும் குழாயில் கீறல் துவாரங்கள் விடலாம். உப்பைத் தேடினால் துவாரம் கீழே இருக்க வேண்டும். எண்ணெயைத் தேடினால் நீர்மட்டம் ஏறி இறங்கும் எல்லையிலேயே இருக்க வேண்டும். ஏனெனில் எண்ணெய் மிதக்கும். துவாரம் கீழே மாத்திரம் இருந்தால், மேலே எண்ணெய் மிதந்தாலும் குழாய் 'சுத்தம்' என்றே சாட்சி சொல்லும். தவறான இடத்திற் கேட்ட கேள்விக்குப் பிழையான விடை கிடைப்பது போல.

மண்ணை ஏன் சாண் சாணாகப் பையிலிடுகிறார்கள் என்பதும் அப்பொழுது விளங்கியது. உரமோ எண்ணெயோ உப்போ ஒரே நாளில் நீரை அடைவதில்லை. மண்ணின் ஒவ்வொரு படையிலும் தங்கித் தங்கி இறங்குகிறது. மேற்படையிற் கண்டால், அது கீழே போய்ச் சேருமுன் தடுக்க அவகாசம் உண்டு. நீரிலேயே கண்டுவிட்டால் பிந்திவிட்டது என்று பொருள்.

இரண்டு மீற்றருக்குச் சற்றுக் கீழே நீர் வந்தது. நீருக்குள் இறங்கியதும் மணல் சரிந்து துளையை மூடத் தொடங்கியது. உடனே வெளிக்குழாய் ஒன்றை இறக்கி, அதனுள்ளே துளைத்தலைத் தொடர்ந்தார்கள். முடிவில் கீறல் துவாரமுள்ள பிளாஸ்ரிக் குழாயை நிறுத்தி, துவாரத்தைச் சுற்றிக் கழுவிய பருமணலும், அதற்கு மேலே நீரில் ஊதி அடைத்துக்கொள்ளும் களிமண்ணும் இட்டு, தரையிலே சீமெந்துக் கட்டும் பூட்டுள்ள மூடியும் வைத்தார்கள். அவ்வளவு அடைப்பு எதற்கு என்று ஐயா கேட்டார்.

"அடைக்காமல் விட்டால் ஊத்தை இறங்கிறதுக்கு நாங்களே வழி வெட்டிக் குடுத்த மாதிரி, ஐயா" என்றான் அவன்.

குழாய்க்கிணறு வெட்டி, நீர் உவர்த்ததும் வாயை மூடாமலே கைவிட்டுப் போகும் நம்மவர் அனைவரும் கேட்க வேண்டிய சொல் இது. சுண்ணாம்புக்கல்லில் கைக்கருவி இறங்காது, இயந்திரம் வேண்டும். இயந்திரம் வந்த பின்னர் ஆழம் செல்வது எளிதாகிவிட்டது. நூறடி போனால் நிறைய நீர் வரும் என்று எண்ணிப் போகிறவன் உவருக்குக் கதவு திறக்கிறான். அந்தக் கதவு அவனுடைய வளவோடு நின்றுவிடுவதில்லை.

நிலாவரைக்கு அயலிலுள்ள சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. கறையான் அரித்த ஏடுகளைத் தேடியெடுத்து, 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவர். அடுத்த ஆண்டுதான் கெய்பனின் குறிப்பு வெளிவந்தது. இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களல்லர். எனினும், இருப்பதை அழியுமுன் அறிந்து எழுதி வைக்க வேண்டும் என்ற கவலை இருவரிடமும் இருந்தது என்று எண்ணிக்கொள்கிறேன். ஏடு அழிந்தால் வேறொரு பிரதி எங்கேனும் கிடைக்கலாம் என்று தேடலாம். நிலத்தடி நீருக்குப் பிரதி கிடையாது.

இப்பொழுது எங்கள் வீட்டில் ஒரு கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி என் மூத்த மகன் கயிற்றிலே பாரம் கட்டிக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து எழுதுகிறான். ஆண்டுக்கு இருமுறை, மாரிக்கு முன்னும் பின்னும், போத்தலில் நீர் நிரப்பிப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். தோட்டத்துக்கு உரத்தையும் குறைத்துவிட்டோம். கிணறு இன்னும் எல்லைக்குள் வரவில்லை. குடிநீரை இப்போதும் வெளியிலிருந்தே எடுக்கிறோம்.

ஐயாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஒவ்வொரு மாதமும் மகனைக் கூப்பிட்டு, "எத்தினை அடி?" என்று கேட்பார். சொன்னதும், "திகதி போட்டனியோ?" என்பார். போட்டிருக்கிறேன் என்று அவன் சொன்ன பிறகுதான் கொப்பியை மூட விடுவார்.